லு பென் கட்சி: பிறந்த கதையை வைத்து இன்றைக்கு எடை போடலாமா?

வன்னிமகன்
ஞாயிறு, இரவு 10.42

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கிய சண்டையை இங்கே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருபது வயதில் ஒரு மகன். பாரிஸ் பக்கத்துப் பொபினியில் பிறந்தவன். அவனுக்குப் பதின்மூன்று வயதானபோது நானும் மனைவியும் நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வைத்துப் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக் கொடுத்தோம். இன்றைக்கு மத்தியானம் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே சொல்கிறான்: "அப்பா, 2027இல நான் பார்தெல்லாவின்ர கட்சிக்குத்தான் போடப்போறன்."

பிரான்ஸ் அரசியல் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பார்தெல்லா என்பவர் தேசியப் பேரணிக் கட்சியின் இளம் தலைவர். 2018 வரை அந்தக் கட்சிக்குத் தேசிய முன்னணி என்று பெயர். லு பென் குடும்பத்தின் கட்சி.

நான் 1991இல் வந்தவன். 2002 ஏப்ரல் 21 இரவு ஒரு உணவகத்தின் குசினியில் நின்றேன். எட்டு மணிக்கு வானொலியில், ஜோன்-மரி லு பென் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டார் என்றார்கள். கோப்பை கழுவிக்கொண்டிருந்த மாலி நாட்டுக்காரர் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றார். ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு உப்புக் கூடிவிட்டது என்று ஒரு தட்டு திரும்பி வந்தது, வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அந்த இரவை மகனுக்கு எப்படிச் சொல்வது?

அவனுடைய வாதம் இதுதான். யூதர்களைப் பற்றி உளறிய கிழவரை மகளே கட்சியிலிருந்து துரத்திவிட்டார், கட்சிக்குப் பெயரும் மாறிவிட்டது, ஐம்பது வருஷத்துக்கு முந்திய கதையை வைத்து ஏன் இன்னும் பயப்படுகிறீர்கள் என்கிறான். அதற்கு மேல், "பிறந்த இடத்தை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்?" என்று கேட்டான். எனக்கு வாயடைத்துப் போனது. வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நூலகத்துப்பூனை
ஞாயிறு, இரவு 11.58

அண்ணை, உங்கள் மகன் கெட்டிக்காரன். ஆனால் அந்த வாசகம் மனிதருக்குத்தான் பொருந்தும். குழந்தை தன் பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில்லை. கட்சியைப் பெற்றவர்களோ எதற்காகப் பெறுகிறோம் என்று கூடிப் பேசி, எழுதி வைத்துத்தான் பெற்றார்கள்.

1972 அக்டோபர் 5. 'புதிய ஒழுங்கு' என்ற நவபாசிச அமைப்பு ஒன்று பிரான்சில் இருந்தது. 1969இல் தொடங்கியது, தெருச்சண்டைக்குப் பேர்போனது. தேர்தலில் நின்றால் ஒருவரும் போடமாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியும். இத்தாலியில் முசோலினியின் பழைய ஆட்கள் 1946இல் தொடங்கிய சமூக இயக்கக் கட்சி அப்போது வாக்கு வாங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, சட்டை மாற்றிக்கொண்டு தேர்தலுக்குப் போக ஒரு முன்னணி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். சின்னத்தைக்கூட அங்கிருந்தே எடுத்தார்கள். இத்தாலிக்காரரின் மூவண்ணத் தீக்கொழுந்தில் பச்சை இருந்த இடத்தில் நீலம் வந்தது, அவ்வளவுதான். மகனிடம் இன்றைய கட்சிச் சின்னத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தீக்கொழுந்து இன்னும் அங்கேதான் எரிகிறது.

முகத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் ஜோன்-மரி லு பென்னைக் கூப்பிட்டார்கள். 1956இல், 27 வயதில், கடைக்காரர்களின் வரி எதிர்ப்புத் தலைவர் புஜாதின் பட்டியலில் நாடாளுமன்றம் போனவர். அல்ஜீரியப் போரில் பாராசூட் படை அதிகாரி. மேடையில் பேசினால் கேட்கலாம். முதல் பொருளாளர் பியேர் புஸ்கே, ஹிட்லரின் எஸ்எஸ் படையில் பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டு அமைத்த சார்லமாஞ் பிரிவில் இருந்தவர். துணைத் தலைவர் பிரிஞோ, 1944இல், நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசின் மிலீஸ் துணைப்படையில் சேர்ந்தவர். லு பென் சொந்தமாக நடத்திய இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட நாஜிப் பாடல் தட்டின் உறை வாசகத்துக்காக அவருக்கு நீதிமன்றத் தண்டனையே கிடைத்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்க அவருக்குக் கூட்டாளியாக இருந்தவரும் எஸ்எஸ் ஆள்தான்.

இனவெறிப் பேச்சைக் குற்றமாக்கிய சட்டம் பிரான்சில் வந்தது 1972 ஜூலையில். இந்தக் கட்சி பிறந்தது அக்டோபரில்.


புதுவை_சொல்தா
திங்கள், காலை 7.15

காலைக் காப்பியோடு இதைப் படித்தேன். தங்கச்சி நன்றாக எழுதுகிறார், ஆனால் பாதியைத்தான் எழுதுகிறார்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக்காரன். என் அப்பா இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962இல் அமலுக்கு வந்ததும், கொடுத்த ஆறு மாதத்துக்குள் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தார். நானும் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது துலோன் பக்கம் பென்சனில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தேர்தலாக ஜோன்-மரியின் மகள் மரின் லு பென்னுக்குத்தான் போடுகிறேன். ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அந்தக் கட்சி தொடங்கியபோது ஜோர்ஜ் பிதோவும் கூட இருந்தார். நாஜிகளை எதிர்த்த தேசிய எதிர்ப்புக் குழுவுக்கு ஜோன் மூலானுக்குப் பிறகு தலைவராக இருந்தவர் அவர். இதைத் தங்கச்சி எழுதவில்லை. அதில் இருந்த பாதிப்பேர் அல்ஜீரியாவை இழந்த ஆத்திரத்தில் வந்தவர்கள். 1962இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கப்பலேறி வந்த குடும்பங்கள் இந்தத் தெற்குக் கடற்கரை முழுக்க இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரே அப்படி வந்தவர்தான். ஓரான் நகரத்து வீட்டுச் சாவியை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார். அவரைப் பார்த்து நாஜி என்பீர்களா?

1995இல் துலோனுக்குத் தேசிய முன்னணி மேயர்தான் வந்தார். நான் அங்கேயே இருந்தேன். என்னை யாரும் தூக்கித் தண்ணீரில் போடவில்லை.


செந்தணல்
திங்கள், காலை 9.03

ஐயா, வெள்ளைக்காரனுக்கு விசுவாசமாக இருந்த பரம்பரை என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்துவிட்டீர்கள், இதற்கு மேல் என்ன பேச. பூனை சொன்ன புஸ்கே யார் தெரியுமா? 1942 ஜூலையில் பாரிசில் 13 ஆயிரம் யூதர்களைப் பிடித்து, பலரைச் சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்து, நாஜிகளிடம் ஒப்படைத்த போலீஸ் தலைவன். அவன்தான் இந்தக் கட்சிக்குக் கஜானா. இவர்களுக்கு ஓட்டுப் போடுகிறவன் ஒவ்வொருவனும் பாசிஸ்ட்தான். இதில் விவாதத்துக்கே இடமில்லை.


நூலகத்துப்பூனை
திங்கள், காலை 9.40

செந்தணல், அது வேறு புஸ்கே. யூதர்களைப் பிடித்துக் கொடுத்த போலீஸ் அதிகாரி ரெனே புஸ்கே. கட்சிப் பொருளாளர் பியேர் புஸ்கே. இருவரும் வேறு வேறு ஆட்கள். நம் பக்கத்து ஆட்கள் இப்படித் தவறுவிட்டால் அடுத்தவர் அதையே பிடித்துக்கொள்வார். இதோ பாருங்கள், சொல்தா ஐயா இந்நேரம் தட்டச்சுப் பண்ணிக்கொண்டிருப்பார்.

ஐயா, பிதோ இருந்தது உண்மை. சில நாளிலேயே விலகிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தண்ணீரில் போடவில்லை என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நீங்கள் தெரிந்து எழுதியிருக்க மாட்டீர்கள். துலோனில் அவர்கள் ஜெயித்த அதே 1995இல், மே முதல் நாள், பாரிசில் கட்சியின் ஊர்வலம். அதில் வந்த மொட்டைத்தலைக் கூட்டத்தில் சிலர் பிரிந்துபோய், 29 வயது மொராக்கோக்காரர் ஒருவரை சேன் ஆற்றில் தள்ளினார்கள். பிராயிம் புவாராம். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மூழ்கி இறந்துபோனார். கருசேல் பாலத்தில் அவர் பெயரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். லூவ்ர் பார்க்கப் போகிற நம் ஆட்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.


புதுவை_சொல்தா
திங்கள், காலை 10.20

தங்கச்சி, அந்தக் கொலை எனக்குத் தெரியும். எழுதும்போது நினைவில் இல்லை. வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயல்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று கட்சி அன்றைக்கே சொன்னது.

செந்தணல் தம்பிக்கு ஒன்று. அந்த ரெனே புஸ்கே யாருடைய நண்பர் என்று தேடிப் பாருங்கள். சோஷலிஸ்ட் ஜனாதிபதி மித்தரோனின் நண்பர். மித்தரோனே விஷி அரசில் வேலை பார்த்தவர், அதன் தலைவர் மார்ஷல் பெத்தேனின் பதக்கமும் வாங்கியவர். 1986 தேர்தலுக்கு விகிதாசார முறையைக் கொண்டுவந்து தேசிய முன்னணிக்கு 35 இடம் கிடைக்க வழிசெய்ததும் அவர்தான். வலதுசாரி வாக்கைப் பிரிக்கக் கணக்குப் போட்டார். அவரவருக்கு ஒரு இறந்தகாலம் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் ஏன் அதை எழுதிக் கழுத்தில் மாட்டுகிறீர்கள்?

அப்புறம், போடுகிறவன் எல்லாம் பாசிஸ்ட் என்று சென்னையில் உட்கார்ந்து எழுதுவது லேசு. வடக்கே எனான்-போமோன் என்று ஒரு ஊர். நிலக்கரிச் சுரங்கப் பூமி, தலைமுறை தலைமுறையாக இடதுசாரி. 1990இல் அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கமும் மூடியது. 2003இல் பக்கத்தில் இருந்த ஈய உருக்காலை ஒரே அடியில் மூடி எண்ணூறுக்கு மேற்பட்ட ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். 2009இல் அந்த ஊர் மேயரே பண மோசடி வழக்கில் உள்ளே போனார். 2014இல் லு பென் கட்சி முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாக்கு வாங்கி ஊரைப் பிடித்தது. அந்தச் சுரங்கத் தொழிலாளியின் பேரன் ராத்திரியோடு ராத்திரியாக ஹிட்லராகிவிட்டானா?


மட்டுறுத்துநர்
திங்கள், காலை 10.31

'பரம்பரை' பற்றிய பேச்சு இதோடு போதும், செந்தணல். அடுத்த முறை பதிவு நீக்கப்படும்.


வன்னிமகன்
திங்கள், பின்னேரம் 4.10

இடைவேளையில் எழுதுகிறேன். பூனை எழுதியதை மகனுக்கு அனுப்பினேன். "சரி, தொடங்கியவர்கள் கெட்டவர்கள், ஒத்துக்கொள்கிறேன். இப்போது அவர்களுக்கு என்ன வேண்டும், அதைச் சொல்லச் சொல்லுங்கள்" என்று பதில் போட்டிருக்கிறான். நியாயமான கேள்விதான். எனக்கும் அது முழுதாகத் தெரியாது. பெட்ரோல் வரியைக் குறைப்போம், பென்சன் தருவோம் என்று தொலைக்காட்சியில் சொல்வதைத்தான் கேட்டிருக்கிறேன்.


நூலகத்துப்பூனை
திங்கள், இரவு 9.25

பென்சன், பெட்ரோல் எல்லாம் மேலே தூவிய கொத்தமல்லி. அது காலத்துக்கேற்ப மாறும். 1980களில் தந்தை லு பென் அமெரிக்க ரீகனை மெச்சிக்கொண்டு, வருமான வரியையே ஒழிப்பேன் என்றவர். மகள் வந்ததும் தொழிலாளர் பென்சனுக்குக் கொடிபிடித்தார். 2017இல் யூரோவை விட்டு வெளியேறுவோம் என்றார்கள், தேர்தலில் தோற்றதும் அதைச் சத்தமில்லாமல் மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. எல்லாக் கட்சியும் செய்வதுதான்.

மாறாத ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஐம்பது வருஷத்தையும் கடந்துவிடலாம்.

1973இலும் 74இலும் அவர்களை யாரும் சீண்டவில்லை. 74 ஜனாதிபதித் தேர்தலில் லு பென் வாங்கியது 0.75 விழுக்காடு. கம்யூனிச எதிர்ப்பு, அல்ஜீரிய ஏக்கம், இதெல்லாம் விற்கவில்லை. பிரான்சுவா துய்ப்ரா என்று ஒரு மூளைக்காரர் கட்சியில் இருந்தார். ஹிட்லரின் யூதப் படுகொலையே பொய் என்று எழுதும் வெளியீடுகளைப் பரப்பியவர். அவர்தான் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் குடியேறிகளையும் ஒரே வரியில் கட்டினார். 1978இல் சுவரொட்டி வந்தது: பத்து லட்சம் பேருக்கு வேலையில்லை, பத்து லட்சம் குடியேறிகள் அதிகம். அதே ஆண்டு மார்ச்சில் கார்க் குண்டில் அவர் செத்துப்போனார், வரி சாகவில்லை. இன்னொன்றைக் கவனியுங்கள். வேலைக்காக ஆட்களை வரவழைப்பதை அரசு 1974 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. கதவைச் சாத்தி நாலு வருஷம் கழித்துத்தான், கதவு திறந்து கிடக்கிறது என்று சுவரொட்டி ஒட்டினார்கள்.

1983இல் துரூ என்ற சின்ன ஊரின் நகராட்சித் தேர்தலில் அவர்கள் பட்டியல் 16 விழுக்காட்டைத் தாண்டியது. கௌரவமான வலதுசாரிகள் இரண்டாம் சுற்றில் அவர்களோடு பட்டியலைச் சேர்த்துக்கொண்டு ஊரைப் பிடித்தார்கள். மறு ஆண்டு ஐரோப்பியத் தேர்தலில் கிட்டத்தட்ட 11 விழுக்காடு. அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை.

இப்போது வித்ரோல் ஊருக்கு வாருங்கள், மார்சேய் பக்கத்தில். 1997இல் நகராட்சியைப் பிடித்தார்கள். 98 ஜனவரியில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 5,000 பிராங்க் அன்பளிப்பு. ஆனால் தாய் தகப்பனில் ஒருவராவது பிரெஞ்சுக்காரராகவோ ஐரோப்பிய ஒன்றியத்தவராகவோ இருக்க வேண்டும். ஒரே ஆஸ்பத்திரி, பக்கத்துப் பக்கத்துக் கட்டில், இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்குக் காசு, ஒன்றுக்கு இல்லை. நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது.

அந்த 5,000 பிராங்குதான் கட்சி. 'தேசிய முன்னுரிமை' என்று பெயர். 2022 தேர்தல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். குடும்பக் கொடுப்பனவு பெற்றோரில் ஒருவராவது பிரெஞ்சுக்காரராக இருந்தால் மட்டும். வேலையிலும் அரசு வாடகை வீட்டிலும் பிரெஞ்சுக்காரருக்கு முதலிடம். வெளிநாட்டவர் ஐந்து வருஷம் வேலை செய்த பிறகுதான் அடிப்படை உதவித்தொகை. மண்ணில் பிறந்ததால் வரும் குடியுரிமை ரத்து. அகதி விண்ணப்பம் வெளிநாட்டில் இருந்தபடிதான் போட வேண்டும். இதற்காக அரசியலமைப்பையே மக்கள் வாக்கெடுப்பில் மாற்றுவோம் என்கிறார்கள். வித்ரோல் நகராட்சியில் தோற்றதை முழு நாட்டுக்கும் கொண்டுவரும் திட்டம்.

மகள் அப்பாவைத் துரத்தினார், உண்மை, 2015இல். ஆனால் 2017 தேர்தல் நேரத்தில் அதே மகள், சைக்கிள் அரங்கில் நடந்த பிடிப்புக்குப் பிரான்ஸ் பொறுப்பில்லை என்று சொன்னார். பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ்தான் என்று ஜனாதிபதி சிராக் 1995இலேயே ஒப்புக்கொண்டிருந்தார்.


புதுவை_சொல்தா
செவ்வாய், காலை 7.02

தங்கச்சி கடைசியில் பொருளுக்கு வந்துவிட்டார், சந்தோஷம். இதைத்தான் பேச வேண்டும், எஸ்எஸ் கதையை அல்ல.

தன் பிள்ளைக்கு முதலில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போடுவது பாசிசமா? இந்தியா இரட்டைக் குடியுரிமையே தருவதில்லை. நான் பிறந்த மண்ணில் எனக்கு ஓட்டு இல்லை, தோட்ட நிலம் வாங்க முடியாது, கையில் ஒரு அட்டையோடு போய் வருகிறேன். இலங்கையில் 2022இல் கொண்டுவந்த 21ஆம் திருத்தத்தைப் பாருங்கள், இரட்டைக் குடியுரிமைக்காரர் நாடாளுமன்றம் போகக் கூடாது. அங்கேயெல்லாம் சட்டம். பிரான்ஸ் கேட்டால் மட்டும் இனவெறியா?

இன்னொன்று. 2023 டிசம்பரில் மக்ரோனின் ஆட்களே குடிவரவுச் சட்டம் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டவர் சில கொடுப்பனவுகளுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் கட்சி ஆதரித்து வாக்களித்தது, கொள்கை வெற்றி என்று மரின் சொன்னார். அப்போது மக்ரோனும் பாசிஸ்ட்தானே? அவருக்குப் போட்ட கோடிக்கணக்கான பேரும்?

நான் ஏன் போட்டேன் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். என் தெருவில் மூன்று வருஷத்தில் இரண்டு தடவை வீடு புகுந்து திருடினார்கள். புகார் கொடுக்கப் போனால் ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வேறு எந்தக் கட்சியும் என் தெருப்பக்கம் வரவில்லை. இவர்கள் வந்து உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். என் நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.


நூலகத்துப்பூனை
செவ்வாய், காலை 8.50

அந்தச் சட்டத்தின் 86 பிரிவுகளில் 35ஐ, சட்டங்கள் அரசியலமைப்புக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அரசியலமைப்புச் சபை 2024 ஜனவரியில் வெட்டிப் போட்டது, பெரும்பாலும் நடைமுறைக் காரணம் காட்டி. நீங்கள் சொன்ன கொடுப்பனவுப் பிரிவும் அதில் போனது. மக்ரோன் ஆட்கள் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இலங்கைச் சட்டம் நாடாளுமன்ற உறுப்பினரைப் பற்றியது. வித்ரோல் தீர்மானம் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பற்றியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், ஐயா. அந்தத் தொட்டில் பிள்ளையின் தகப்பனும் தாயும் அதே வரியைக் கட்டுகிறார்கள்.

உங்கள் தெருவுக்கு அவர்கள் வந்ததும் மற்றவர்கள் வராததும்தான் இந்த முழு விவாதத்தில் எனக்கு உறுத்துகிற இடம். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.


தீவுக்காற்று
செவ்வாய், பகல் 12.35

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியோன் தீவிலிருந்து எழுதுகிறேன். ஆறு வருஷமாக இங்கே வேலை. இந்தத் தீவில் நாலில் ஒருவருக்காவது நம் ஊர் ரத்தம் இருக்கும். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கொண்டுவந்தவர்களின் வாரிசுகள், மல்பார் என்பார்கள். தமிழ் பேச வராது. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி உண்டு, தீமிதி உண்டு.

2002இல் சிராக், லு பென் போட்டியில் இந்தத் தீவு 90 விழுக்காட்டுக்கு மேல் சிராக்குக்குப் போட்டது. 2022 ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் அதே தீவு மரின் லு பென்னுக்கு 59 விழுக்காட்டுக்கு மேல் போட்டது. கரிபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு மார்த்தினிக்கைப் பாருங்கள். 1987இல் தந்தை லு பென்னின் விமானம் இறங்கக் கூடாதென்று சனங்கள் ஓடுபாதையையே மறித்தார்கள். அங்கேயும் 2022இல் மகளுக்கு 60 விழுக்காடு. கறுப்பர்கள் பெரும்பான்மையான தீவு அது.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். 2022இல் அதற்கு இரண்டு வாரம் முன்னால் நடந்த முதல் சுற்றில் இங்கே முதலிடம் வந்தவர் இடதுசாரி மெலோன்ஷோன், 40 விழுக்காட்டோடு. அவர் இரண்டாம் சுற்றுக்குப் போகவில்லை என்றதும் அதே சனம் லு பென்னுக்குத் திரும்பியது. என் கூட வேலை செய்பவர், காவடி எடுக்கிறவர், "இவள் வந்தால் நல்லது நடக்கும் என்று போடவில்லை, மக்ரோன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று போட்டேன்" என்றார். இங்கே ஒரு கிலோ கோழியின் விலையையும் பாரிஸ் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோபம் புரியும்.

அதற்காக அவரைப் பாராட்டவில்லை. பூனை சொல்வது கட்சி என்ன நினைக்கிறது என்பது. ஐயா சொல்வது போடுகிறவர் என்ன நினைக்கிறார் என்பது. இரண்டும் வேறு விஷயம், நீங்கள் இருவரும் மாறி மாறி ஒருவருக்கொருவர் வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.


செந்தணல்
செவ்வாய், மாலை 6.15

புஸ்கே விஷயத்தில் தவறு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். பரம்பரை என்று எழுதியதற்கும் சொல்தா ஐயா மன்னிக்க வேண்டும்.

ஆனால் தீவுக்காற்று சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. முகம் பிடிக்கவில்லை என்று போட்டாலும் அந்த வாக்கு போய்ச் சேர்வது பெட்டிக்குள். பெட்டியைத் திறந்து எண்ணுபவன் காரணத்தைக் கேட்பதில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நாஜி விமானப்படைத் தொப்பியோடு எடுத்த படம் வெளியாகி ஒரு பெண் வேட்பாளர் பாதியில் விலகினார். மந்தையில் சில சொறி ஆடுகள் என்றார் பார்தெல்லா. தமிழில் கறுப்பாடு என்போம். ஒரே மந்தையில் மட்டும் இவ்வளவு அடிக்கடி ஏன் பிடிபடுகிறது?


புதுவை_சொல்தா
செவ்வாய், இரவு 8.40

மன்னிப்பெல்லாம் வேண்டாம் தம்பி. பட்டாளத்தில் இதைவிடக் கேட்டிருக்கிறேன்.

கட்சிப் பண விவகாரத்தில் வந்த 2025 மார்ச் 31 தீர்ப்பைப் பற்றி இன்னும் யாரும் எடுக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐரோப்பிய நாடாளுமன்ற உதவியாளர் சம்பளத்தைக் கட்சி வேலைக்குத் திருப்பினார்கள் என்று மரினுக்கு 5 வருஷம் தேர்தல் தடை, உடனே அமல். மேல்முறையீடு போட்டார். நான் பென்சன் வாங்குகிறவன், வரிப்பணத்தில் கைவைத்தால் எனக்கும் பிடிக்காது. அதைத்தான் சொல்ல வந்தேன். கொள்கை வேறு, கணக்குப் புத்தகம் வேறு.


வன்னிமகன்
புதன், இரவு 11.20

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மகனோடு உட்கார்ந்து இந்தத் திரியை முதலில் இருந்து வாசித்தேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும், நான் சத்தமாக வாசித்தேன். எஸ்எஸ், மிலீஸ் எல்லாம் கேட்டுத் தலையாட்டினான், பாடப்புத்தகம் கேட்பது போல. ரெயூனியோன் கணக்கைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "பார்த்தியா அப்பா" என்றான். அதில் அவனுக்குச் சந்தோஷம்.

வெளிநாட்டில் இருந்தபடிதான் அகதி விண்ணப்பம் என்ற வரி வந்தபோது நான் நிறுத்தினேன். நான் வந்த கதை அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கொழும்பில் ஒரு விடுதி அறையில் ஆறு பேர், இரவில் வந்து கதவைத் தட்டுவார்கள், அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். அந்த நேரம் பிரெஞ்சுத் தூதரக வாசலில் வரிசையில் நின்று, முடிவு வரும்வரை அதே அறையில் காத்திரு என்று சொல்லியிருந்தால்? பதினோரு வருஷம் ஒரு குசினியில் வெங்காயம் வெட்டியதைச் சொன்னேன். விசா அட்டையைப் புதுப்பிக்க விடிய நாலு மணிக்குப் போய்க் குளிரில் நின்றதைச் சொன்னேன்.

அவன் சொன்னான், "நீங்கள் வேலை செய்தீர்கள், உங்களை அவர்கள் சொல்லவில்லை." அவர்கள் என்றால் யார், நாங்கள் என்றால் யார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கைப்பேசியில் கட்சி அறிக்கையைத் தேடி எடுத்து, குடியுரிமைப் பக்கத்தை வாசித்தான். மண்ணில் பிறந்த உரிமை ரத்து. "இது எனக்கு முன்னமே கிடைத்துவிட்டது, பறிக்க மாட்டார்கள்" என்றான். உன் தங்கைக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு அடுத்த வருஷம்தான் கையெழுத்து வைக்கப் போகிறோம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, 2024இல் பார்தெல்லா சொன்னதை அவனே எடுத்தான்: இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை நாட்டின் முக்கியமான சில பதவிகளில் வைக்க மாட்டோம் என்பது. "அது பாதுகாப்புத் துறை மாதிரி ஒரு சில வேலைக்குத்தான் அப்பா" என்றான். மகன் படிப்பது கணினிப் பாதுகாப்பு. கிளிநொச்சிக் காணிக்காக நான் அவனுக்கு இலங்கை இரட்டைக் குடியுரிமைப் படிவம் நிரப்பி வைத்திருக்கிறேன், அது மேசை லாச்சியில் கையெழுத்துக்காகக் கிடக்கிறது. இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.